முத்திரைத் தாளில் இல்லாத பெயர்

கட்டில் ஒன்று. பீரோ ஒன்று. பித்தளை அண்டா இரண்டு. மாவரைக்கும் இயந்திரம் ஒன்று. நகை மூன்றரைப் பவுன்.

எறையூரில், சர்க்கரை ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், ஒரு வேப்ப மரத்தடியில் முத்திரைத் தாள் ஒன்றிலே எழுதப்பட்ட பட்டியல் இது. எழுதியவர் வேறு எவருமல்லர், நாமேதான். "வாத்தியார் தம்பி எழுத்து முத்து முத்தாக இருக்கும்" என்று பெரியவர்கள் அழைத்தார்கள். பெருமையோடு சென்று அமர்ந்தோம். கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். வந்த சீர் வந்த வழியே திரும்புகிறது. "இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்ற கடைசி வரியையும் எழுதி முடித்துத் தாளை நீட்டினோம். அப்போதுதான், தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தை புரண்டு படுத்தது.

அண்டாவுக்கு ஒரு வரி இருந்தது. அந்தக் குழந்தைக்கு ஒரு வரி இல்லை!

"குழந்தைக்கு?" என்று கேட்டோம். "அது ஆத்தாவோடு இருக்கப் போகிறது தம்பி. அதிலே எழுத என்ன இருக்கிறது?" என்றார் பெரியவர் ஒருவர். கெட்டவர் அல்லர், ஊரில் நல்லவர் என்று பெயரெடுத்தவர். அதனால்தான் அந்தச் சொல் நம்மை அதிகமாகச் சுட்டது. ரேகை விழுந்தது, கூட்டம் கலைந்தது. நாமும் எழுந்து வந்துவிட்டோம், வெட்கத்தோடு.

மரத்தடித் தீர்ப்பு சட்டப்படி மணமுறிவு ஆகுமா என்பது வேறு வழக்கு. ஆனால் ஒன்று உறுதி. குழந்தையின் பராமரிப்பு குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுத்து எழுதத் தாய்க்கும் அதிகாரமில்லை, தந்தைக்கும் அதிகாரமில்லை, மரத்தடிக்கும் அதிகாரமில்லை. நாம் எழுதிய தாளால் அந்தக் குழந்தையின் பங்கு அழியாது. பங்கு என்றுதான் சொல்கிறோம். 'ஜீவனாம்சம்' என்கிறார்களே, வடமொழிச் சொல்; ஆயினும் அதிலுள்ள அம்சம் என்பதற்குப் பங்கு என்றுதான் பொருள். பிச்சை என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. சொல் நேராகத்தான் இருக்கிறது, தோழர்களே. கோணலெல்லாம் கொடுப்பவன் கையிலே!

பங்கு என்றால் எவ்வளவு? யார் அளப்பது? எந்தப் படியால் அளப்பது?

வெள்ளையர் ஆட்சி 1898-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் செய்தபோது அதன் 488-ஆம் பிரிவில் இதற்கு ஓர் இடம் கொடுத்தது. கைவிடப்பட்டவர்கள் தெருவில் திரிந்து ஊருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்ற கவலையே அந்தப் பிரிவின் வேர். ஆகவே அளவும் அதற்கேற்ற அளவுதான். 1955-இல் உச்சவரம்பு 500 ரூபாயாக உயர்ந்தது. 1973-இல் புதுச் சட்டம் வந்தது. 488 போய் 125 ஆயிற்று. எண் மாறியது, 500 மாறவில்லை. அந்த 500 ரூபாயும் மனைவி, மக்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று வாதாடியவர்களும் உண்டு! ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 500 வரை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. அரிசி விலை ஏறியது, துணி விலை ஏறியது, புத்தகத்தின் விலை ஏறியது. குழந்தையின் விலை மட்டும் 46 ஆண்டுகள் ஏறாமல் நின்றது. 2001-இல்தான் அந்த உச்சவரம்பை நீக்கினார்கள். இன்று அதே பிரிவு, 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக நிற்கிறது.

இடையில் ஒரு சொல். அந்தப் பிரிவு அன்றும் இன்றும் 'முறையான குழந்தை, முறையற்ற குழந்தை' என இரண்டையும் குறிப்பிட்டு, இருவருக்கும் உரிமை தருகிறது. தருவது நன்று. ஆனால் முறை தவறியது யார், பட்டம் சுமப்பது யார்? புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் கூறியது. 1967-இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தம் செய்யும்வரை, மாலை மாற்றி வாழ்ந்த எத்தனையோ நல்லோரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் அந்தப் பட்டத்தோடுதான் நின்றார்கள். அப்போதும் சோற்றுக்கு உரிமை இருந்தது. பசிக்குக் கோத்திரம் தெரியாது என்பதைச் சட்டம் அந்த ஒரு பிரிவிலாவது உணர்ந்திருந்தது.

உச்சவரம்பு போயிற்று, அளவுகோல் வந்ததா? "சம்பளத்தில் கால் பங்கு கொடுக்க வேண்டுமாம்" என்று தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு விகிதம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு வழக்கில் கணவனின் நிகர ஊதியத்தில் 25 விழுக்காடு மனைவிக்கு நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. அதுவே ஊர் வாயில் சட்டமாகிவிட்டது. இங்கு நடப்பது வேறு. குழந்தையின் தேவை, பெற்றோர் இருவரின் வருவாய், அவர்கள் வாழ்ந்த வாழ்வின் தரம் ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி ஒரு தொகையை நிர்ணயிக்கிறார். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பாரும் தத்தம் சொத்தையும் கடனையும் வருவாயையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், தொகையை மனுச் செய்த நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. வழக்கை இழுத்தடித்தால் இலாபம் என்ற கணக்கிற்கு அது ஓர் அடி.

வெளிநாடுகள் சிலவற்றில் விகிதமே கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குழந்தை என்றால் வருவாயில் 17 விழுக்காடு, இரண்டென்றால் 25, மூன்றென்றால் 29. இங்கிலாந்தில் அரசு போடும் கணக்கின் அடிப்படை விகிதம் 12, 16, 19.

இரு முறைகளிலும் ஒவ்வோர் அறம் உண்டு. தேவையை அளப்பவர், "குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது" என்கிறார். விகிதத்தை அளப்பவர், "தந்தை மாடியில் வாழ மகள் குடிசையில் வாழக் கூடாது" என்கிறார். நாம் இரண்டையும் கேட்கிறோம். வயிறும் பள்ளியும் மருந்தும் ஆகிய தேவை அடித்தளம்; எந்தத் தந்தையின் ஏழ்மையைக் காட்டியும் அதைத் தோண்டக் கூடாது. அதற்குமேல் எத்தனை மாடி என்பதை அவன் செல்வம் சொல்லட்டும்.

2000-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு. தாய், தந்தை இருவரும் ஊதியம் பெறுபவர்கள். தந்தையின் ஊதியம் ஏறத்தாழ இருமடங்கு. குழந்தை ஒன்றுக்கு மாதம் 3000 ரூபாய் என்று தேவையை முதலில் நிர்ணயித்த நீதிமன்றம், அதை 2-க்கு 1 என்று பிரித்தது. தந்தை 2000, தாய் 1000. முதலில் குழந்தை, பிறகு பணப்பை! இந்த வரிசையை வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு ஒன்று கேட்கிறோம்: காய்ச்சல் இரவில் கண்விழித்தவர் யார்? விடியலில் சோறு கட்டியவர் யார்? முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திட வேலையை விட்டுப் பள்ளிக்கு ஓடி வருபவர் யார்? அந்த 1000 ரூபாயின் பக்கத்தில் இவற்றுக்கு ஓர் எண் உண்டா?

எண்ண முடியாததை எப்படி எண்ணுவது என்பார்கள். இங்கிலாந்தின் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஆண்டில் 52 இரவுகள் குழந்தை தந்தையிடம் தங்கினால் அவன் கட்ட வேண்டியதில் ஏழில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். தந்தை வீட்டு 52 இரவுகளுக்கு மதிப்பு உண்டென்றால், தாய் வீட்டில் கழியும் 313 இரவுகளுக்கும் மதிப்பு இருந்தாக வேண்டும். எண்ணத் தெரிந்திருக்கிறது, எவருக்காக எண்ணுவது என்பதில்தான் பழக்கம் குறுக்கே நிற்கிறது.

இனி நம் ஊரின் சிக்கல். ஊதியச் சீட்டு உள்ளவனிடம் விகிதம் கேட்கலாம். எறையூரில் எத்தனை பேரிடம் சீட்டு இருக்கிறது? கரும்பு வெட்டுபவனுக்கு மேஸ்திரி முன்பணம் கொடுப்பதும் கூலியில் கழிப்பதும் வாய்க்கணக்கு. மக்காச்சோளம் விற்ற பணமும் வாய்க்கணக்கு. வழக்கு என்றதும் வண்டி தம்பி பெயருக்கு மாறும். நிலம் அம்மா பெயருக்கு மாறும். "எனக்கு வருமானமே இல்லை ஐயா" என்று கைகட்டி நிற்பான். உடல் வலுவுள்ளவன் உழைத்தாவது மனைவி மக்களைக் காக்கக் கடமைப்பட்டவன் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குத்தான். கையிலிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. கையையும் பார்க்க வேண்டும்.

"குழந்தையை என் கண்ணில் காட்டுவதில்லை; நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கும் தந்தையர் உண்டு. காட்டாதது தவறாக இருக்கலாம். அதற்குத் தனியே மனுச் செய்யட்டும். பார்த்தால் பணம், பார்க்காவிட்டால் இல்லை என்பதற்குக் குழந்தை என்ன கொட்டகையா, நுழைவுச் சீட்டு வாங்க? "எனக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறதே" என்பவருக்குச் சற்று நின்று விடை சொல்ல வேண்டும். ஏனெனில் இரண்டாம் வீட்டுக் குழந்தையும் குற்றம் செய்யாதது. அதன் வயிற்றையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் சேர்ப்பது வேறு, முதல் குழந்தையைப் பழைய பாக்கியாகத் தள்ளிவைப்பது வேறு.

ஆசிரியர் என்ற முறையில் நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. குற்றவியல் வழியில் பெறும் தொகை, உடலோ மனமோ குன்றிய பிள்ளைகளுக்கன்றி, பொதுவாக 18 வயதோடு நிற்கிறது. 18 என்பது என்ன வயது? மேல்நிலைத் தேர்வு எழுதி, கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் பிடித்து நிற்கும் வயது! மணமாகாத மகளுக்கு 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டத்தில் மேலும் வழியுண்டு. மகனுக்கு அங்கும் கதவு அடைகிறது. பிறந்தநாள் வாழ்த்தோடு பணம் நிற்பதால் கரும்புக் காட்டுக்குப் போகும் பையன்களுக்கு என்ன பாடம் நடத்துவது?

சென்ற மாதம் அந்தத் தாயை அவள் வீட்டுத் திண்ணையில் சந்தித்தோம். பெரம்பலூருக்குப் போய் மனுச் செய்யலாம் என்றோம். நாம் எழுதிய தாள் அதற்குத் தடையில்லை என்றோம். "எவ்வளவு கேட்பது சார்?" என்றாள். பள்ளி நோட்டு ஒன்றைத் திறந்து குழந்தையின் ஒரு மாதத்தை எழுதத் தொடங்கினோம். அரிசி. பால். முட்டை. துணி. சளிக்கு மருந்து. அடுத்த ஆண்டுப் பள்ளிக்குச் சீருடை, ஆட்டோ. அவள் சொல்லச் சொல்ல எழுதினோம். பிறகு, "குழந்தையைப் பார்த்துக்கொள்ள வெங்காயக் காட்டு வேலைக்குப் போகாமல் நின்ற நாள் எத்தனை?" என்று கேட்டோம்.

"அதையுமா சார் எழுதுவார்கள்?" என்று சிரித்தாள்.

விரல் விட்டு எண்ணச் சொன்னோம். ஒன்பது நாள் வந்தது. எழுதினோம்.