பத்துப் பத்தாய்க் கட்டிய குச்சிகள்

ஏப்ரல் இரண்டாம் வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வருஷக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து டீச்சருக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுக்கலாம், ஆளுக்கு 200 ரூபாய் என்று. பாளையங்கோட்டையில் ஓர் உதவிபெறும் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, 34 பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் பணம் கட்டியவர்களின் பட்டியல் ஒன்று வரிசை எண்ணோடு ஓட ஆரம்பித்தது. எனக்கும் அந்த டீச்சர் மேல் கொள்ளை அன்பு. காலையில் கட்டிவிடலாம் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளி வாசலில் ஒரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பீடி சுற்றுகிறவர். மகளை அழைத்துப் போக வரும்போதும் விரல் நுனியில் புகையிலைத் தூள் ஒட்டியிருக்கும். “அக்கா, குடுக்காட்டி லிஸ்ட்ல பேரு விட்டுப் போயிரும்லா? டீச்சரும் அதைப் பாப்பாங்களா?” என்று கேட்டார். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துச் சுற்றினால் வருகிற கூலியில் பெரும்பங்கு அந்த 200 ரூபாய். கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. கொடுக்காத பெயர் எங்கே போய்ச் சேரும் என்றுதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் என் வீட்டிலேயே இருந்தது. என் அம்மா திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 29 வருஷம் டீச்சராக இருந்தவள். செம்மண் மேடும் பனைமரமுமான ஊர். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாமார் பனையேறிகள். யாராவது எதையாவது கொண்டுவந்து நீட்டினால் அம்மா முதலில் தேதியைப் பார்ப்பாள். தேர்ச்சிப் பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் என்றால் வாங்கமாட்டாள். தின்கிற பொருளாக இருந்தால் வகுப்பிலேயே பங்கு வைத்துவிடுவாள். “வாங்கிக்கிட்டா, கொண்டுவராத பிள்ளை மூஞ்சியைப் பாத்துப் பாடம் நடத்த முடியாதுல்லா” என்பாள். அரசு ஊழியர் நடத்தை விதிகளில் அன்பளிப்பு பற்றி எழுதியிருப்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவளை நடத்தியது அந்தக் கொண்டுவராத பிள்ளையின் முகம்தான்.

ஒரு பனையேறி, மகன் நாலாம் வகுப்பு முடித்த வருஷம், ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டுவந்தார். அம்மா அதை உடைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியை மேசையில் வைத்து சாக்பீஸ் போட்டுக்கொண்டாள். பெட்டி பெரியது. சாக்பீஸெல்லாம் அடியில் கிடக்கும், கையை முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டும். மறு வருஷம் அவர் இன்னொரு பெட்டியோடு வந்தார். சின்னப் பெட்டி. மகனிடம் சொல்லி ஒரு சாக்பீஸ் எடுத்துவரச் செய்து, அதை அளவு வைத்து முடைந்திருக்கிறார். அந்தப் பெட்டி அம்மா ஓய்வு பெறும் நாள்வரை மேசையில் இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் ஊசி நூல் வைத்திருக்கிறோம்.

அம்மாவின் பீரோவின் மேல்தட்டில் அட்டைப்பெட்டி பிரிக்காத சுவர்க்கடிகாரங்கள் மூன்று இருக்கின்றன. கண்ணாடித் தம்ளர் செட், முள் நனையாத பேனாக்கள், பிளாஸ்டிக் பூச்சாடி எல்லாம் உண்டு. எதையும் அவள் அலட்சியமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒவ்வொன்றும் யார் கொடுத்தது என்று இன்றைக்கும் சொல்லுவாள். ஆனாலும் அவளுக்கு என்று கவனித்துச் செய்தது அந்த ஓலைப்பெட்டிதான். கடிகாரம் எந்த டீச்சருக்கும் கொடுக்கலாம். சாக்பீஸைத் துழாவுகிற கையைப் பார்த்தவர்தான் அந்தப் பெட்டியை முடைய முடியும்.

வகுப்புக் குழுவில் எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்போதுதான் ஏப்ரல் மாதத்தின் அருமை புரிந்தது. நம் பள்ளிகளில் அன்பளிப்பெல்லாம் செப்டம்பர் 5-ஆம் தேதிதான். 1962-இல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான வருஷத்தில் தொடங்கியது ஆசிரியர் தினம். அதற்கு வெகுமுன்னே, 1921-இல், அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்காரவைத்து, குதிரைக்குப் பதிலாகத் தாங்களே ரயிலடி வரை இழுத்துப் போனார்களாம். அது போகிற ஆசிரியருக்குச் செய்த மரியாதை. இனி அவரிடம் வாங்க வேண்டிய மதிப்பெண் எதுவும் இல்லை. செப்டம்பரில் கொடுக்கிறபோது நம் பிள்ளை இன்னும் டீச்சர் கையில் இருக்கிறது, கொடுக்கிற மனசிலும் வாங்குகிற மனசிலும் அந்த நினைப்பு ஓர் ஓரத்தில் கிடக்கத்தான் செய்யும். ஏப்ரலில் அது விலகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஏப்ரலை நாம் சட்டையில் இங்க் தெளித்து விளையாடிக் கழித்துவிட்டோம். பிள்ளைகள் தெளிக்கட்டும், அது அவர்கள் கொண்டாட்டம். பெரியவர்களும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சின்னச் சின்னத் தனியார் பள்ளிகளில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிற டீச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேலையும் பணமும் உதவியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கூலியாக வரவேண்டியது. அதைப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய பெற்றோர், வருஷத்துக்கு ஒரு சேலையில் அதைத் தீர்த்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மாவிடம் கேட்டேன்: “உனக்கு யாராவது எதையாவது கொடுத்திருக்கக் கூடாதான்னு தோணினது உண்டா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிள்ளைங்க பிறகு என்ன ஆச்சுன்னு யாராவது வந்து சொல்லியிருக்கலாம்” என்றாள். தூத்துக்குடி பஸ்ஸில் பழைய மாணவன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்து, தான் இன்ன இடத்தில் வெல்டராக இருப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு வீட்டில் அதே பேச்சு. டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கதையிலும் நடுவே ஒரு வருஷம்தான் கிடைக்கிறது. முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. தான் ஊன்றியது முளைத்ததா என்று பார்க்க யாரும் கூட்டிப்போவதில்லை.

உ.வே.சாமிநாதையரை நினைத்துக்கொள்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் சேர்ந்தது 1871-இல். ஐந்தாறு வருஷத்தில், 1876-இல், பிள்ளை காலமாகிவிட்டார். மாணவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887-இல். ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கைத் தீர்ப்பதுபோல, எண்பதை நெருங்குகிற வயதில், 1933-லும் 1934-லுமாக, ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார் ஐயர். பிள்ளை மறைந்து ஐம்பத்தேழு வருஷம் கழித்து! கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லியே தீர வேண்டிய சேதி அது.

சரி, மகளின் டீச்சரிடம் சொல்ல எங்களிடம் என்ன சேதி இருந்தது? இருந்தது. மகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவே இல்லை. 42-இல் 17 போனால் 35 என்பாள். மேலே கீழே பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்து எழுதிவிடுவாள். நான் நான்கு முறை சொல்லிக்கொடுத்து, ஐந்தாம் முறை கத்தினேன். அவள் அழுதாள். நவம்பரில், மழைக்குப் பள்ளி விட்டுத் திறந்த ஒரு நாளில், டீச்சர் வாரியல் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து, “நாலு கட்டு, ரெண்டு உதிரி. ஏழு குச்சி எடுத்துத் தா பாப்போம்” என்றாராம். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. மகள் முழித்திருக்கிறாள். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார். கடைசியில் மகளே ஒரு கட்டின் ரப்பரை உருவி அவிழ்த்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் என் அடுப்படி வாரியலில் இருந்து குச்சி உருவி, “கடன் யார்கிட்டயும் வாங்கலம்மா, நம்ம கட்டைத்தான் அவுக்கோம்” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பது வருஷமாகக் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து சின்ன வகுப்புகளில் அட்டை, முகமூடி, கொட்டை, குச்சி என்று பொருள்களை வைத்துத்தான் பாடம். அவற்றில் பலவும், டீச்சர்கள் இரவில் தாங்களே உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவை. அன்று வந்த குச்சிகளும் அவர் வீட்டு வாரியல் என்று மகள் சொன்னாள். ஆண்டு முழுக்க 34 பிள்ளைகள் கையில் புரண்டு, பாதி உடைந்து, கட்டுகள் குறைந்துபோயிருந்தன.

குழுவில் இவ்வளவுதான் எழுதினேன்: பணம் சேர்க்க வேண்டாம், பட்டியலை எடுத்துவிடுவோம், விருப்பம் உள்ளவர்கள் இந்த வருஷம் பிள்ளை கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைப் பற்றி டீச்சருக்கு நாலு வரி எழுதலாம், எழுத நேரமில்லாதவர்கள் நேரில் சொல்லலாம். ஒருவர் கோபித்துக்கொண்டார். சிலர் பேசாமல் இருந்தார்கள். ஆனால் சேலைப் பேச்சு அடங்கியது. பீடி சுற்றுகிற அந்தத் தாய் ஒரு நாள் வாசலில் டீச்சரை நிறுத்தி, தன் மகள் கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்ததை, எந்தக் கடை, எந்தத் தெரு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மகளும் நானும் பக்கத்து வீட்டில் விழுந்த தென்னமட்டைகளை வாங்கி, ஓலையைக் கிழித்து, ஈர்க்கு எடுத்து, மொட்டைமாடியில் காயவைத்தோம். பிள்ளைகள் கையில் குத்தாதபடி நுனியைத் தேய்த்தோம். விரல் நீளத்துக்கு நறுக்கி, இருபது கட்டு. அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு. கூடவே ஒரு தாளில் அந்த நவம்பர் நாளைப் பற்றி நான் எழுதினேன். கத்தியதையும் எழுதினேன்.

கடைசி வேலை நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். டீச்சர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு படிப்பாராக இருக்கும். குச்சிப் பையைத் திறந்து ஒரு கட்டை எடுத்தவர், பழக்கத்தில் ரப்பரை உருவி எண்ணினார். ஒன்பதுதான் இருந்தது. மகளிடம் நீட்டி, “நீயும் எண்ணிப் பாரு” என்றார். அவள் இரண்டு தடவை எண்ணினாள். பிறகு பள்ளி முற்றத்தின் ஓரத்தில், தென்னமரத்தடியில் கிடந்த காய்ந்த மட்டையை நோக்கி ஓடினாள்.