மூழ்கடித்த கையும் மீட்ட கையும்

ஒரே மனிதன் ஒரே இரவில் கொலையும் கருணையும் செய்வானாயின், அவனை எவ்வாறு எடைபோடுவது? உபதேசத்தின் முடிவில் ஓர் இளைஞர் இவ்வாறு வினவினார். விடை தேடியபோது நினைவுக்கு வந்தது யூ-156 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்.

1942 செப்டம்பர் 12ஆம் நாள் இரவு, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கப்பால், அது 'லகோனியா' என்ற பிரிட்டிஷ் கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதிலிருந்த 2,700க்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 1,800 பேர் இத்தாலியப் போர்க்கைதிகள், ஜெர்மனியின் நேசநாட்டார். இருளில் இத்தாலிய மொழியில் எழுந்த கூக்குரலைக் கேட்டபின் தளபதி வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன் மீட்பில் இறங்கினார். தன்னவர் என்ற பற்றே முதலில் அவரை அசைத்தது போலும். ஆனால் நீட்டிய கை பகைவரை விலக்கவில்லை. பிரிட்டிஷ் பெண்டிரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார். சுமார் 200 பேர் கப்பலில். நான்கு படகுகள் கயிற்றின் பின்னே. தம் இருப்பிடத்தை ஆங்கிலத்தில் வானொலியில் அறிவித்து, தம்மைத் தாக்காதவரை, உதவிக்கு வருவோரைத் தாக்கமாட்டேன் என்றார். செஞ்சிலுவைக் கொடியும் விரித்தார்.

16ஆம் நாள் அமெரிக்க விமானம் குண்டு வீசியது. ஒரு குண்டு படகுகளிடையே விழுந்தது. அவர் கயிற்றை அறுத்து, மீட்டவர்களையே கடலில் இறக்கிவிட்டு, நீருள் மறைந்தார். மறுநாளே தலைவர் டோனிட்ஸ், இனி எவரையும் மீட்கலாகாதென ஆணையிட்டார். லகோனியாவில் மாண்டோர் 1,600க்கும் மேல்.

போரில் மடிபவன் சுவர்க்கம் புகுவானா என்று போர்வீரர் தலைவன் ஒருவன் கேட்டபோது, பகவான் இருமுறை விடைகூற மறுத்தார். மூன்றாம் முறை, கொல்லும் எண்ணத்தோடு மடிபவனுக்கு அக்கதி இல்லையென்றார், அவன் அழுதான். ஆகவே மீட்பு கொலையைக் கழிக்காது. கொலை மீட்பைப் பொய்யாக்கவும் செய்யாது. இரண்டும் தனித்தனி எண்ணங்கள், வினைகளும் தனித்தனியே. இனவெறி அரசுக்கு ஏவல் செய்தவர் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஏவல் என்பது தூரத்திலிருந்து எளிது. நெசவாலையில் தறிமுன் நின்ற நாளில், அத்துணி யாருக்குப் போகிறதென்று நானும் கேட்டதில்லை.

1943 மார்ச் 8ஆம் நாள், பார்படோசுக்குக் கிழக்கே அமெரிக்க விமானம் யூ-156ஐ அழித்தது. வினை பழிவாங்கியது என்பர் சிலர், யான் ஒப்பேன். நம் முன்னோரின் பசியைக் கண்டும் முன்வினை என்றே சொல்லித் திண்ணையில் சாய்ந்தனர் அன்றோ? அந்தச் சொல்லை உதறித்தானே தம்மத்துக்கு வந்தோம்! இயந்திரத்தருகே நின்றவனும் தளபதியுமாக அதிலிருந்தோர் 53 பேர். ஒருவரும் கரை சேரவில்லை.