இசைவும் ஈடும்

ஒருவன் தன் விருப்பினால் ஏற்றுக்கொண்ட தீங்கிற்குப் பிறரைப் பொறுப்பாளராக்குதல் தகுமா என்னும் வினா ஒழுக்கவியலில் மிகப் பழையது. இசைந்தவனுக்கு அநீதி இழைக்கப்படுவதில்லை என்பது உரோமச் சட்டவியலார் வழிவந்த கருத்து. இவ்வினாவைப் பொதுமையில் வைத்து ஆராய்வதிலும், அது உண்மையாக எழுந்த ஓரிடத்தில் வைத்து நோக்குவதே பயன் தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழில்முறைக் காற்பந்தாட்டம் அத்தகையதோர் இடமாகும்.

அவ்வாட்டம் பெயரளவிலேயே காற்பந்தாட்டம். நாமறிந்த உதைபந்தாட்டத்திலும் பார்க்க றக்பிக்கே அது நெருங்கியது. தலைக்கவசம் அணிந்த பேருடலினர் ஒருவரையொருவர் முட்டி வீழ்த்துவது அங்கு விபத்தன்று, ஆட்டமே அதுதான். கவசம் மண்டையோட்டைக் காக்கும். ஆயின், வேகமாய்ச் சென்ற தலை சட்டென நிற்கும்போது உள்ளிருக்கும் மென்மையான மூளை அசைந்து முறுகுவதை அது தடுக்கமாட்டாது. இதனால் விளைவதே மூளையதிர்ச்சி. சிறிது நேரம் கண் மங்கும், நினைவு தடுமாறும், பின்னர் தெளிந்துவிடும். தெளிந்துவிடுகின்றது என்பதனாலேயே அது நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை.

குத்துச்சண்டை வீரரிடையே இத்தகைய அடிகள் நிலைத்த கேட்டை விளைவிப்பதை ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் 1928 இலேயே எழுதினார். காற்பந்தாட்டத்தில் அவ்வுண்மை புலப்பட மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது. பிற்ஸ்பேர்க் அணியின் புகழ்பெற்ற வீரரான மைக் வெப்ஸ்ரர் 2002 இல், தமது ஐம்பதாவது வயதில், வறுமையும் மனக்குழப்பமும் சூழ இறந்தார். நைஜீரியாவிற் பிறந்த நோயியலாளர் பெனற் ஒமாலு அவரது மூளையிற் கண்ட சிதைவை 2005 இல் வெளியிட்டார். 2007 இல் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர், ஓய்வுபெற்ற வீரர் 2,552 பேரிடம் வினாக்கொத்து மூலம் பெற்ற விடைகளை ஆராய்ந்தனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூளையதிர்ச்சிகளுக்கு உள்ளானோரிடையே மனச்சோர்வு நோய் கண்டறியப்பட்டமை, ஒன்றேனும் அடையாதோரிலும் மும்மடங்காயிருந்தது.

இம்முடிவை அளவிறந்து நீட்டுதல் கூடாது. விடைகள் வீரர்தம் நினைவையே சார்ந்தவை. மேலும், முப்பது வயதிற் தொழில் முடிந்து, மூட்டுகள் நொந்து, கைதட்டிய கூட்டம் மறந்துவிட்ட ஒருவர் சோர்வடைய மூளைச்சிதைவு வேண்டியதில்லை. ஒருவரது துயரில் எத்துணை அடியினால் வந்தது, எத்துணை வாழ்வினால் வந்தது எனப் பிரித்துக் காட்டுதல் இயலாது.

இனி, இவர்கள் சார்பில் பேசுவோர் எப்போதும் எதிர்கொள்ளும் கூற்று ஒன்றுண்டு: “தெரிந்துதானே ஆடினர், பெரும் ஊதியமும் பெற்றனரே.” தெரிந்திருக்கவில்லை என்பது இதற்கு எளிய மறுமொழி. ஆட்டத்தை நடத்தும் தேசியச் சங்கம் 1994 இல் அமைத்த மருத்துவக் குழு நிலைத்த தீங்கினைப் பல்லாண்டுகள் மறுத்துரைத்தது. அதன் உறுப்பினர் ஒமாலுவின் கட்டுரையை மீளப்பெறுமாறும் கோரினர். அச்சங்கத்தின் உயரலுவலர் ஒருவர் தொடர்பை வெளிப்பட ஒப்புக்கொண்டது 2016 இலேதான். அறிந்தோர் மறைத்தவிடத்து இசைவு இசைவாகாது. இதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

ஆனால் இம்மறுமொழி இன்றைய வீரனுக்குப் பொருந்தாது. இன்று எல்லாம் அறிந்தே ஒருவன் களம் புகுகின்றான். அவனது இசைவு முழுமையானதா? வினா உண்மையில் இங்குதான் தொடங்குகின்றது.

முழங்கால் முறிந்தவன் “என் கால் முறிந்தது” என்கின்றான். காலுக்கு அப்பால் நின்று, பெற்ற புகழும் பொருளும் அவ்விலைக்குத் தகுமா என அவனால் எடைபோட முடியும். மூளையின் கேடு அவ்வாறன்று; எடைபோடுபவனே அங்குக் கெடுகின்றான். எத்தெரிவும் தெரிபவனை மாற்றத்தானே செய்யும், மணமும் துறவும் கூட மாற்றுகின்றனவே என்று கூறுவாருளர். உண்மையே. ஆயின் அம்மாற்றங்களின் பின்னரும் ஏதேனுமொன்றை நன்றென நுகரும் ஆற்றல் எஞ்சியிருக்கும். மனச்சோர்வு நோய் பறிப்பது அவ்வாற்றலையே. இளமையில் அடியைத் தாங்கி, பின்னாளிற் பயனை நுகர்தல் என்பதே வீரன் செய்த பேரம். நுகர்பவனையே விலையாகக் கேட்கும் பேரத்தை, ஏனைய பேரங்கள் போல், “அவன் இசைந்தான்” என்று முடித்துவிடலாமா? சுதந்திரத்தின் பெயரால் ஒருவன் தன்னை அடிமையாக விற்றல் செல்லாதென ஜோன் ஸ்ருவேட் மில் 1859 இல் வாதிட்டார். அவ்வாதம் ஈண்டு முற்றாகப் பொருந்தாது. அடிமைநிலை உறுதியானது, இதுவோ நேரலாம் நேராதும் விடலாம். ஆட்டத்தைத் தடைசெய்ய வேண்டுமென நான் கருதவில்லை. ஆனால் இசைவு பெற்றதனால் ஆட்டுவித்தோரின் கடன் தீர்ந்தது என்னும் முடிபு நில்லாது. ஞாயிறுதோறும் அதனைக் கண்டு களிப்போரையும் நான் ஆட்டுவித்தோருடனேயே எண்ணுவேன்.

சிக்காகோ அணியில் ஆடிய டேவ் டுவர்சன், ஓய்வின் பின் முன்னாள் வீரர்தம் இயலாமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தவர். பிறர் துன்பத்தை அளந்த அவர் 2011 இல், தம் ஐம்பதாவது வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். தமது மூளையை ஆய்வுக்குக் கையளிக்குமாறு எழுதிவைத்திருந்தார். பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் அதில் அந்நோயைக் கண்டனர்.

முன்னாள் வீரர் தொடுத்த வழக்கில் எட்டப்பட்ட இணக்கத்தை நீதிமன்றம் 2015 இல் ஏற்றது. அதன்படி வழங்கப்பட்ட ஈடு நூறு கோடி டொலரைத் தாண்டியுள்ளது. மறதி நோய்க்கும், பார்க்கின்சன் நோய்க்கும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்க்கும் அதில் இடமுண்டு. மனச்சோர்வுக்கு இல்லை. அது பொதுமக்களிடையும் பரவலாகக் காணப்படுவது, பல காரணங்களால் வருவது என்பன கூறப்பட்ட நியாயங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2016 இல் அதனை உறுதிசெய்தது. மறதி நோயும் பொதுமக்களுக்கு வருவதுதான் என்பதை மறுத்தவர் எவருமில்லை. எனினும் அதனைச் சோதனைகளால் அளக்கலாம். ஆகவே நினைவாற்றற் சோதனையில் தேறி, வரிசைப்படுத்தப்பட்ட ஏனைய நோய்களும் அற்ற ஒருவர், காலையிற் கட்டிலைவிட்டு எழ மனமற்றுக் கிடப்பினும், அத்திட்டத்தின் கணக்கில் ஈடு பெறத்தக்க தீங்கு எதனையும் அடைந்தவரல்லர்.