வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தியா?

இலங்கையில் கோப்பி இலைத் துருநோய் 1869-ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பட்டது பதுளைப் பகுதியின் மடுல்சீமையிலேதான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆகவே இலையில் தோன்றும் சிறு புள்ளியை அற்பமென ஊவா மக்கள் எண்ணமாட்டார்கள்.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் தக்காளி பயிரிடுவோர், பனியும் மழையும் சேரும் நாட்களில் வெளிறல் நோய்க்கு அஞ்சுகின்றனர். மங்கோசெப் போன்ற பங்கசு நாசினி இலைமேல் காப்பாக நிற்குமேயன்றி, உள்ளே புகுந்த நோயைக் குணமாக்காது. எனவே முன்கூட்டியே மருந்தடிப்பது பாவமன்று. 2021-இல் இரசாயன இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

பாவம் வேறு வாசலால் நுழைகிறது. கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலிலோ பைக்கற்றிலோ எழுதப்பட்டிருக்கிறது. விலை ஏறியதென்று அந்நாட்களைக் காவாது பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறோம். வீட்டுக் கறிக்கோ மருந்தடிக்காத நாலு செடி தனியே நிற்கின்றன. அந்த நாலு செடிகளே நமக்கு எதிரான சாட்சிகள். "அறியாமல் செய்தேன்" என்று இனி எப்படிச் சொல்வது?

கடன் நெருக்குவது மெய்தான். ஆனால் அச்சுமையை, நாட்சம்பளத்தில் தக்காளி வாங்கும் லயத்துத் தாயின் பிள்ளைமேல் இறக்கிவைப்பது நீதியாகுமா? புள்ளியில்லாப் பழமே வேண்டுமென்று அடம்பிடிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு.

நம் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததை அயலான் பிள்ளைக்கு விற்காதிருப்போம். பிறரன்பு கோயிலில் மட்டுமன்று, பாத்தியிலும் விளையவேண்டும்.