விரிசல் தொட்டியில் யார் நீந்துவது?

பழைய மீன் தொட்டியை நாம் பார்ப்பது பெரும்பாலும் அது காலியாக இருக்கும்போதுதான். அப்போது கண்ணாடியின் மூலையில் ஓடும் விரிசல் வெறும் கோடாகத் தெரியும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 127 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 127 கிலோ. மணலும் கல்லும் தனிக்கணக்கு.

எங்கள் வீட்டுக்கு வந்த தொட்டியும் அந்த அளவுதான். வீடு மாறிப் போகிற ஒருவர் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பின்பக்கக் கண்ணாடியின் கீழ்மூலையில் விரல் நீளத்துக்கு விரிசல். அதை அவர் மறைக்கவில்லை, தொட்டே காட்டினார். "சிலிக்கான் தடவிட்டா போதும் சார், ஒழுகாது" என்றார். என் மகளுக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது. கொளத்தூர் கடைகளில் எந்த மீன் வாங்குவது என்று அன்றே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள்.

ஒழுகாது என்பது உண்மைதான். ஆனால் கசிவு நிற்பது வேறு, விரிசல் நிற்பது வேறு. கணக்குப்படி தாங்க வேண்டிய பளுவில் சிறு பங்குக்கே கண்ணாடி உடைந்துவிடுவது ஏன் என்று 1921-ல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விளக்கினார். கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறலின் நுனியில் போய்த்தான் விசை குவிகிறது. அதோடு ஈரம் சேர்ந்தால், அந்த நுனியில் கண்ணாடியின் பிணைப்புகள் இன்னும் எளிதாக அறுபடும். மெல்ல நீளும் விரிசல் ஒரு கட்டம் தாண்டியதும் நொடியில் ஓடிவிடும். ஆகவே நேற்றுவரை தாங்கியது என்பது நாளைக்கு உத்தரவாதம் இல்லை. மேலே தடவிய சிலிக்கான் கசிவை அடைக்கும், பளுவை வாங்கிக்கொள்ளாது. முன்கூட்டி எச்சரிப்பது அந்தக் கசிவு ஒன்றுதான். அதன் வாயைத்தான் நாம் அடைக்கிறோம்.

"உடையாமலே இருந்துட்டா, அப்பா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பல வருடம் உடையாமலே இருக்கவும் கூடும். வாழ்க்கையில் எல்லாமே கொஞ்சம் துணிந்து செய்வதுதான் என்று நானும் நம்புகிறவன். ஆனால் துணிகிறவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் இன்னொருவர் என்றால் அதைத் துணிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தேய்ந்த டயரோடு பேருந்தை எடுக்கும் ஓட்டுநராவது அதே பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார். விரிசல் விட்ட கூரைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிறவர் அதன் கீழே படுப்பதில்லை.

தொட்டி உடைந்தால் விலை கொடுப்பவை மீன்கள். 2022 டிசம்பர் 16 அன்று பெர்லினில் ஒரு ஹோட்டல் கூடத்தில் இருந்த மாபெரும் உருளைத் தொட்டி வெடித்தது. அது அக்ரிலிக்கால் ஆனது, சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ 1,500 மீன்கள். அதிகாலை என்பதால் மனிதர்களில் இருவருக்கு மட்டும் காயம். அந்தத் தொட்டியில் இருந்த மீன்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. காரணம் இதுதான் என்று வல்லுநர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணமே தெரியாமல் உடைவதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற விரிசல் அப்படியல்ல.

அதனால் பூசுவதில்லை, கண்ணாடியையே மாற்றுவது என்று முடிவு செய்தோம். பழுதுபார்ப்பதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முழுதாகச் செய்தால்தான் அது பழுதுபார்ப்பு. பிளேடால் ஒட்டை அறுத்து அந்தப் பக்கத்தைக் கழற்றி, அதே கனத்தில் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கினோம். புது சிலிக்கான் பழைய சிலிக்கான்மேல் சரியாக ஒட்டாது. விளிம்பெல்லாம் சுரண்டிச் சுத்தமாக்குவதுதான் பெரிய வேலை, பொறுமையைச் சோதிக்கும் வேலை. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானாகப் பார்த்து வாங்க வேண்டும், அந்த மருந்து மீனுக்கு ஆகாது. சிலிக்கானின் வினிகர் வாடை முற்றிலும் போனபிறகு, தொட்டியை மொட்டைமாடியில் நிரப்பி ஒரு வாரம் வைத்தோம். அடியில் தெர்மோகோல், பக்கத்தில் எதுவும் இல்லை. செலவைக் கூட்டினால் புதுத் தொட்டி விலையை நெருங்கிவிட்டது. மகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், எனக்கு இல்லை.

இந்த ஆபத்தில் இன்னொரு பங்காளியும் இருந்தார். நாங்கள் இருப்பது முதல் மாடி. மீனிடம் சம்மதம் கேட்க முடியாது, கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்கலாம். தொட்டி எந்தச் சுவரோரம் வரப்போகிறது, அது எப்படிப்பட்ட தொட்டி, என்ன மாற்றினோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தச் சுவருக்குக் கீழதான் தம்பி எங்க கட்டில் கிடக்கு. சமையல்கட்டுப் பக்கமா வைங்களேன்" என்றார். அங்கேயே வைத்தோம்.