நழுவிய கண்ணி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் இன்று நாம் காண்பவை தொழிற்சாலைகளும், அவற்றில் பணிபுரியும் இளம்பெண்கள் தங்கும் விடுதிகளுமே. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த இவ்வட்டாரத்தின் வாழ்வு ஷிஃப்ட் கணக்குக்கு மாறிற்று. ஆலையின் சட்டம் கடுமையானது. அளவில் மயிரிழை பிசகினாலும் பொருள் தனியே ஒதுக்கப்படும். அதைச் செய்தவர் எந்த மனத்தோடு செய்தார் என்று எவரும் கேட்பதில்லை.

அத்தகைய ஆலையில் பகலெல்லாம் நின்று உழைத்த ஒரு சகோதரி, இரவில் விடுதிக் கட்டிலில் அமர்ந்து, அக்காளின் முதற்குழந்தைக்குப் பருத்தி நூலில் குல்லாய் பின்னுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கண் சொக்குகிறது, ஒரு கண்ணி ஊசியைவிட்டு நழுவுகிறது. பத்து வரிசை கடந்த பின்னரே அது தெரிகிறது. பிறகு வாங்கிய நூலுருண்டையோ வேறு தொட்டியில் சாயம் ஏறியது. நிறம் சற்றே மங்கல். போதாக்குறைக்கு, அலுத்த கை இறுக்கிப் பின்னியதால் குல்லாயும் சிறுத்துவிட்டது. இதை அவள் கொடுக்கலாமா?

அன்பைப் பார், பொருளைப் பாராதே என்று சொல்லிவிடுதல் எளிது. அண்டைவீட்டாரிடையே வழங்கும் அன்பளிப்பு ஆட்டுக் குளம்பாயினும் அற்பமாய் எண்ணலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பெண்மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஆயின் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 267-ஆம் வசனமோ, நமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத மட்டமானதைத் தேடி எடுத்து ஈதலைத் தடுக்கிறது. இரண்டும் முரண் அல்ல. குளம்பைத் தந்தவளிடம் அதனினும் நல்லது இல்லை. மட்டமானதைப் பொறுக்கியவனிடம் நல்லது இருந்தது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விலைக்கு வாங்கியவன் குறை கண்டால் திருப்பித் தரலாம். அன்பளிப்புப் பெற்றவரின் வாயையோ நாகரிகம் கட்டிவிடுகிறது. அக்காள் புன்னகையோடு வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவாள். ஆகவே ஆலையின் சோதனையாளர் செய்யும் வேலையைக் கொடுப்பவளே செய்தாக வேண்டும். அன்பு அவளுக்குச் சலுகை தருவதாக நமக்குத் தோன்றவில்லை.

ஸ்பெயினில் 1275-இல் மறைந்த இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில் பட்டு நூலால் பின்னிய தலையணை உறை கிடைத்தது. அதன் ஓரத்தில் அரபு எழுத்தில் ‘பரக்கத்’ என்னும் சொல் பின்னப்பட்டுள்ளது. கண்ணிகளை எண்ணாமல் பின்னியிருந்தால் அந்த வாழ்த்தே சிதைந்திருக்கும். பாரசீகக் கம்பள நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பர் என்றொரு கதையுண்டு. நம் போன்றோர் பிழையை அழைக்கவே வேண்டியதில்லை. அது தானே வந்துவிடும்!

எனினும் பிழைகள் எல்லாம் ஒன்றல்ல. நிறம் மங்கியதால் நோவது பின்னியவளின் பெருமை மட்டுமே. குழந்தைக்கு அதனால் குறைவில்லை. அதை அப்படியே விடலாம். நழுவிய கண்ணி அப்படியன்று. அது ஏணிப்படிபோல் கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும், பிஞ்சு விரலும் அதில் சிக்கும். கொக்கி ஊசியால் ஒவ்வொரு படியாக மேலேற்றிவிட்டால் அது சீராகும். ஆனால் தலைக்குள் நுழையாத குல்லாயைப் பிரிக்கத்தான் வேண்டும்.

உறுதியாக நூற்றதைப் பிரித்துப்போட்ட பெண்ணைத் திருமறை (16:92) கண்டிக்கிறதே எனச் சிலர் கூறக்கூடும். அவ்வுவமை சத்தியத்தை முறிப்போருக்குச் சொல்லப்பட்டது. இவளோ தன் மனத்துள் செய்த வாக்கைக் காப்பதற்காகவே பிரிக்கிறாள்.

பிரித்த நூல் சுருள்சுருளாய் நிற்கும்; நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும். ஏழாம் நாள் அகீக்கா கடந்துபோகலாம். அதற்குள் குழந்தையின் தலையும் சற்று வளர்ந்திருக்குமாதலால், இம்முறை சில கண்ணிகள் கூடுதலாகப் போட்டுத் தொடங்குதல் நலம்.