பக்கத்துக் கடைக்காரர் வாங்குகிறாரா?

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா ஒரு காலத்தில் பத்து ரூபாய் நாணயத்தைத் தொடவே மாட்டார். "செல்லாது தம்பி, யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்பார். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அக்கா அசையவில்லை. பால் கடைக்காரர் வாங்காத காசை அவர் ஏன் வாங்க வேண்டும்?

அதே அக்காவின் கூடையோரம் இன்று க்யூஆர் அட்டை தொங்குகிறது. கையில் கிடந்து கனக்கும் காசை நம்பாதவர், கண்ணுக்கே தெரியாத காசை எப்படி நம்பினார்?

யூபிஐ 2016இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அந்த நெருக்கடிக்கும் அக்கா மாறவில்லை. கடனுக்குப் பூ கொடுத்தார். அவரை மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு முழம் பூவுக்கு 500 ரூபாயை நீட்டுகிறவர்களிடம் சில்லறைக்கு அல்லாடிய அலுப்பு ஒன்று. கொரோனாக் காலத்தில் நோட்டைத் தொடவே எல்லாரும் பயந்தது இன்னொன்று. பக்கத்து இளநீர்க்காரர் அட்டை மாட்டியதும், "ஜிபே இல்லையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தவர்களைப் பார்த்தார். கடைசியில் வந்தது, வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் பெட்டி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அக்காவுக்கு அந்தக் குரல்தான் ரசீது.

நாணயமானாலும் அட்டையானாலும் அக்கா பார்த்தது ஒன்றைத்தான்: பக்கத்தில் இருப்பவர் வாங்குகிறாரா? நாமும் அப்படித்தான். சட்டம் சொல்வதைவிடச் சந்தை செய்வதை நம்புகிறோம்.

இதோடு கணக்கு முடிந்தது என்றிருந்தேன். ஒருநாள் கைப்பேசியை எடுத்தபோது அக்கா தயங்கினார்.

"காசா இருந்தா குடு தம்பி. அது பையன் அக்கவுண்டுக்குப் போவுது. கேட்டாத்தான் குடுப்பான்."

பருப்பு டப்பாவிலும் முந்தானை முடிச்சிலும் நம் வீட்டுப் பெண்கள் சேர்த்துவைத்த சிறுவாடு நினைவுக்கு வந்தது. யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத பணம் அது. பெட்டியோ ஒவ்வொரு ரூபாயையும் தெருவுக்கே அறிவிக்கிறது. அக்காவின் உழைப்பு அக்காவின் கைக்கு வராமலே கணக்கில் ஏறிவிடுகிறது. எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணுகிறோம். யார் பெயரில் மாறினார்கள் என்று கேட்பதில்லை.

இப்போதெல்லாம் பூ வாங்கப் போகும்போது சில்லறை எடுத்துப் போகிறேன். பத்து ரூபாய் நாணயத்தையும் அக்கா வாங்கிக்கொள்கிறார். பால் கடைக்காரர் வாங்குகிறாராம்.